வெயிலுக்குக் கட்டிய ஊர்

அகமதாபாத்தின் கோடை விளையாட்டல்ல. 2016 மே 20 அன்று அங்கே 48 டிகிரி பதிவானது. வெயிலால் மக்கள் சாவதைத் தடுக்கவென்று தெற்காசியாவிலேயே முதன்முதலாக, 2013-ல், தனித் திட்டம் வகுத்த மாநகராட்சியும் அதுதான். அந்த ஊரின் பழைய கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த வெயிலை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மசூதியோ, கிணறோ, வியாபாரி குடும்பத்து வீடோ, அங்கே கட்டியவர்கள் எல்லோரும் வெயிலை எண்ணித்தான் கல்லையும் மரத்தையும் அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் தூணும் சாளரமும் வெறும் அலங்காரமாகத் தெரியாது.

சுல்தான் அகமது ஷா 1411-ல் சபர்மதியின் கிழக்குக் கரையில் நிறுவிய நகரம் இது. மதிலுக்குள் இருந்த அந்தப் பழைய நகரை 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம். ஜெய்ப்பூருக்கே அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது.

1424-ல் கட்டி முடித்த ஜாமா மசூதியில் நெருக்கமாக நிற்கும் தூண்களுக்கு நடுவே நடந்தால், கோயில் கட்டிப் பழகிய கைகள்தான் இதையும் கட்டின என்பது தெரிந்துவிடும். 1819 பூகம்பத்தில் அதன் மினார்கள் போய்விட்டன. அடிப்பகுதி மட்டும் நிற்கிறது.

ஆனால் நேரம் ஒதுக்க வேண்டியது லால் தர்வாஜா பக்கத்தில், நாலாபுறமும் வண்டிகள் சுற்றும் சந்திப்பில் இருக்கும் சின்னஞ்சிறு சிதி சையத் மசூதிக்கு. அபிசீனியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர் சிதிகள். அவர்களில் ஒருவர் 1572-73 வாக்கில், அதாவது அக்பர் குஜராத்தைப் பிடித்த சமயத்தில், கட்டியது. மேற்குச் சுவரின் மேற்பகுதியில் அரைவட்டக் கல் சாளரங்கள். அவற்றில் ஒன்றில் ஒரு மரம் வளைந்து மேலேறி, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருண்டு, இலையும் பூவுமாக இடம் முழுவதையும் நிரப்புகிறது. ஒரு கிளையைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். அது இன்னொன்றின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்து, வேறொரு கிளையோடு கலந்துவிடும். அத்தனையும் மணற்கல். பிற்பகலில் வெயில் அந்தப் பக்கம் சாயும்போது போங்கள். கண் கூசும் வெளிச்சம் அந்தக் கிளைகளின் இடைவெளியில் வடிந்து உள்ளே வரும். காற்றும் கூடவே வரும். இந்த மசூதியை ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அரசு அலுவலகமாக்கி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. வைஸ்ராய் கர்சன் பிரபு காலத்தில்தான் அதற்கு விடிவு பிறந்தது.

நகரத்துக்கு வடக்கே சுமார் 18 கிலோமீட்டரில் அடாலஜ் படிக்கிணறு. வாகேலா மன்னர் வீர்சிங் தொடங்கி, அவரை வென்ற சுல்தான் மஹ்மூத் பேகடா காலத்தில் 1499-ல் முடிந்தது என்கிறார்கள். வீர்சிங்கின் மனைவி ராணி ரூடாபாய் கிணற்றில் குதித்து உயிர்விட்ட கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. கதை கிடக்கட்டும், படியில் இறங்குங்கள். மூன்று திசையிலிருந்து வரும் படிகள் முதல் தளத்தில் கூடுகின்றன. அங்கிருந்து பூமிக்குள் ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்காக இறங்க இறங்க வெளிச்சம் மங்கி, தோலில் சூடு குறைவது தெரியும். சுவர்களில் பூவும் யானையும் மோர் கடையும் பெண்ணும். வழிப்போக்கரும் வணிகரும் வெயில் தாழும்வரை இங்கே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோபுரத்தை மேல்நோக்கிக் கட்டுவது போல, கீழ்நோக்கி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நகருக்குள்ளேயே, அசார்வாவில், ஒரு அந்தப்புரப் பெண்மணி கட்டிய தாதா ஹரீர் கிணற்றைப் பார்க்கலாம். அங்கே சம்ஸ்கிருதத்திலும் அரபியிலும் கல்வெட்டு இருக்கிறது. கூட்டமும் குறைவு.

இவற்றையெல்லாம்விட என் மனம் ஒட்டிக்கொண்டது போள்களில்தான். ஒரே வாசல் வைத்த குடியிருப்புச் சந்துகளுக்கு அங்கே போள் என்று பெயர். வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பதால், சந்து குறுகலாகி எந்நேரமும் ஒரு பக்கம் நிழல். முக்கில், பறவைகளுக்குத் தானியம் வைக்கும் சபூத்ரோ என்ற செதுக்குத் தூண். வீட்டுக்கு முன்னால் திண்ணை, உள்ளே முற்றம். முற்றத்துத் தரையில் ஒரு மூடி. அதைத் தூக்கினால் அடியில் ஒரு அறை அளவுக்குத் தொட்டி. அதுதான் டாங்கா. முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைக் குழாய் வழியே தொட்டியில் இறக்குவார்கள். சுண்ணாம்புப் பூச்சு, வெளிச்சம் புகாத இருட்டு. அதனால் தண்ணீர் கெடாது. அடுத்த மழைக்காலம்வரை குடிக்க அதுதான். இன்று இந்த நகரம் நர்மதைக் கால்வாயை நம்பி இருக்கிறது. பல டாங்காக்கள் வறண்டு கிடக்கின்றன.

இந்த வீடுகள் பலவீனமானவை என்று நினைக்க வேண்டாம். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அகமதாபாத்தின் புது அடுக்குமாடிகள் பல இடிந்து விழுந்தன. செங்கல்லுக்கு நடுவே மரச்சட்டம் கோத்துக் கட்டிய போள் வீடுகளில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்தன. அவற்றைச் சாய்ப்பது பங்காளிச் சண்டையும் பராமரிப்புச் செலவும்தான். குடும்பம் ஆற்றுக்கு அக்கரைக்குக் குடிபோய்விடும், வீடு கடைக்காரரின் கிடங்காகும், செதுக்கிய தூணும் கதவும் பழம்பொருள் வியாபாரியிடம் போய்ச் சேரும். குஜராத்திக் கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்த இடத்தில் இன்று முகப்பை மட்டும் மீட்டெடுத்து, அவரது வெண்கலச் சிலையை உட்கார வைத்திருக்கிறார்கள். வீடு இல்லை. பழைய வீட்டை இடிக்காமல் காப்பவர், தான் பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம் என்று மாநகராட்சி ஒரு வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பத்துப் பங்காளிகள் கையெழுத்திட வேண்டிய வீட்டுக்கு அது மட்டும் போதாது.

போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். 1997-ல் தொடங்கிய பாரம்பரிய நடை, காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் காலையில் புறப்பட்டு, போள்கள் வழியாக ஜாமா மசூதியில் முடிகிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். திண்ணையில் இருப்பவரிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் அவரே உள்ளே அழைத்து டாங்காவைக் காட்டுவதும் உண்டு. தங்குவதற்கு அக்கரை ஓட்டலைத் தேடாமல், விடுதியாக மாற்றிய போள் வீடுகளில் ஒன்றில் அறை எடுங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு கூரைக்கு ஓடு மாற்றலாம்.