துணி ஒரு பக்கம், ஒயர் ஒரு பக்கம்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு அரசாங்கம் கொடுத்த சாமான்களில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சமையலறையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. இடம் கிடைக்காமல் அலைபவை இரண்டு. ஒன்று, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தரப்படும் தையல் மெஷின். இன்னொன்று, 2011 செப்டம்பரில் தொடங்கி பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளின் கைக்கு வந்த லேப்டாப். இரண்டுமே இருக்கிற வீடுகள் உண்டு. அம்மாவின் மெஷின் நடையிலோ ஜன்னலோரமோ நிற்கும். மகளின் லேப்டாப் கட்டிலில் தலையணை மேல் கிடக்கும். 2020 ஊரடங்கில் அம்மா முகக்கவசம் தைக்க, பக்கத்தில் உட்கார்ந்து மகள் ஆன்லைன் வகுப்பு கேட்க, மைக்கை ஆன் செய்ததும் வகுப்பு முழுக்க மெஷின் சத்தம் கேட்ட கதை பல வீடுகளில் நடந்தது. இதற்கென்று ஒரு ரூம் ஒதுக்கினால் என்ன என்ற பேச்சு பல வீடுகளில் அப்போதுதான் எழுந்தது.

பத்துக்குப் பத்து அறை ஒன்று கிடைத்தால் போதும். ஆனால் அறை கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், ஆசாரியை வரவழைத்து ஒரு சுவர் முழுக்க நீளமாக ஒரே மேசை போடச் சொல்வது. ஒரு முனையில் மெஷின், மறு முனையில் கம்ப்யூட்டர். யூடியூபில் பார்க்கக் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. நான் இதற்கு எதிர்க்கட்சி. அறை பொதுவாக இருக்கலாம். மேசை பொதுவாக இருக்கக் கூடாது.

காரணம் பஞ்சு. துணி வெட்டும்போதும் ஓவர்லாக் அடிக்கும்போதும் பறக்கிற பிசிறு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மெஷினில் பாபின் கேஸைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மெத்தை மாதிரி படிந்திருக்கும் பாருங்கள், அதேதான் சிபியூவின் ஃபேனிலும் ஹீட் சிங்க் இடுக்கிலும் போய்ப் படியும். மெஷினைத் திறந்து பிரஷ் போட்டு எண்ணெய் விடுகிற கை, சிபியூவைத் திறப்பதில்லை. காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடேறி, கம்ப்யூட்டர் மெதுவாகும். பிறகு தானாக அணையும். லேப்டாப்புக்கு இன்னும் மோசம். பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கின்றன. தைத்துக்கொண்டிருக்கிற துணி மேலேயே அதை வைத்தால் மூக்கைப் பொத்தினதாகிவிடும். சிபியூ தரையில் நிற்கக் கூடாது, ஓவர்லாக் மெஷின் அதன் பக்கத்தில் நிற்கவே கூடாது.

அடுத்தது அதிர்வு. சாதாரண வீட்டு மெஷினே மோட்டார் போட்டால் நிமிடத்துக்குச் சில நூறு தையல் போடும். பவர் மெஷின் என்றால் ஆயிரக்கணக்கில். ஒரே பலகையில் இருந்தால் மானிட்டர் ஆடும், கண் வலிக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் என்றால் அதற்கும் நல்லதல்ல.

குண்டூசி விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சிதறுகிற ஊசிகளைப் பிடித்துவைக்கக் காந்தத் தட்டு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை லேப்டாப்பின் கீபோர்டுக்குக் கீழே, உள்ளங்கை படும் இடத்தில் வைத்தால் பல மாடல்களில் திரை சட்டென்று அணைந்துவிடும். பழுது ஒன்றுமில்லை. மூடி சாத்தப்பட்டதா என்று லேப்டாப் கண்டுபிடிப்பதே மூடியில் உள்ள சிறு காந்தத்தை வைத்துத்தான். உங்கள் ஊசித் தட்டு பக்கத்தில் வந்ததும், மூடிவிட்டார்கள் போல என்று அது தூங்கப் போய்விடுகிறது. இது தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், காந்தத் தட்டு வீட்டிலேயே இருக்கும். அங்கே லேப்டாப் ஒழுங்காக ஓடும்.

திருப்பூரில் ஒரு வீட்டில் பார்த்த அறையைச் சொல்ல வேண்டும். அம்மா பிளவுஸும் குழந்தைகள் ஃப்ராக்கும் தைக்கிறார். மகன் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறான். கிழக்குச் சுவரை ஒட்டி மெஷின். எதிர்ச்சுவரில் கம்ப்யூட்டர். உட்கார்ந்தால் இருவர் முதுகும் ஒன்றையொன்று பார்க்கும். மூன்றாவது சுவரில் கீல் வைத்து மாட்டிய பிளைவுட் பலகை. வெட்டும்போது இறக்கி, முடிந்ததும் சுவரோடு மடக்கிவிடுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு டீபாய் போட்டிருக்கலாமே என்றேன். “நடுவுல எதையும் வெக்காதீங்க தம்பி. துணி விரிக்கத் தரை வேணுமுங்க” என்றார் அந்த அம்மா.

அந்த அறையில் நான் கவனித்தது ஒயர்கள். தரையில் ஒன்றுகூடக் கிடக்கவில்லை. பிளக் பாயிண்டுகள் மேசை மட்டத்துக்கு மேலே, சுவரில் கேசிங் அடித்து, மெஷினுக்குத் தனி, கம்ப்யூட்டருக்குத் தனி. மெஷினிலிருந்து துணி இடப்பக்கமும் பின்பக்கமுமாகச் சரிந்து விழும். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது ஐந்தரை மீட்டரும் தரையில்தான் புரளும். அந்தத் துணி போகும் வழியில் ஒயர் குறுக்கிடக் கூடாது. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்துவிடலாம். துணி நடமாடும் பாதையைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கிற இடம் கம்ப்யூட்டருக்கு.

சத்தத்துக்கு அவர்கள் தடுப்பு எதுவும் கட்டவில்லை. மகனுக்கு மீட்டிங் என்றால் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கி வைப்பார், ஹெம்மிங் செய்வார், அளவு குறித்து வெட்டுவார். பிளவுஸ் வேலையில் சத்தமில்லாத பங்கு கணிசமாக உண்டு. பவர் மெஷின் வைத்திருப்பவர்கள் மட்டும் மோட்டாரைக் கவனிக்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுவிட்ச் போட்டதிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். செர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் சுற்றும். மின்சாரமும் மிச்சம், காதும் மிச்சம்.

மின்சாரத்தில் வில்லன் மெஷினும் அல்ல, கம்ப்யூட்டரும் அல்ல, அயர்ன் பாக்ஸ். வீட்டு மெஷின் மோட்டார் நூறு வாட் அளவில்தான் இழுக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. ஒரே 6 ஆம்பியர் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகி, அயர்ன், மோட்டார், சிபியூ, மானிட்டர், செல்போன் சார்ஜர் என்று தொங்கவிட்டால் பாக்ஸ் சூடாகும், பிளாஸ்டிக் வாசனை வரும். இரண்டாயிரம் வாட் நீராவி அயர்ன் என்றால் அந்தப் பாயிண்ட் தாங்கவே தாங்காது. அயர்னுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றைத் தனி ஒயரில் இழுத்துவிடுங்கள். யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும். தவறிப்போய்க்கூட அயர்னை அதில் சொருக வேண்டாம். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்வதும் கட்டாயம். இரும்பு உடம்பில் மோட்டார் மாட்டியிருக்கிறோம்; வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். கீழே ஒரு ரப்பர் பாய் போட்டுக்கொள்வதும் நல்லது.

மோட்டார் மாட்டியதும் கால் ஸ்டாண்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்கள் அவசரக்காரர்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிடும். பெல்ட்டை மாற்றி மாட்டினால் மெஷின் ஓடும்.

உட்காரும் விஷயத்திலும் இரண்டு வேலைக்கும் ஒத்துவராது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பாருங்கள்: மிதிக்க மிதிக்க நாற்காலி பின்னால் போகும், தையல் கோணும். கை வைக்கும் சட்டம் வேறு, துணியைத் திருப்பும்போது முழங்கையில் இடிக்கும். மெஷினுக்குக் கைப்பிடியில்லாத, நகராத ஸ்டூல். கம்ப்யூட்டருக்கு முதுகு சாயும் நாற்காலி. இரண்டு வாங்கக் காசில்லை என்றால் முதலில் ஸ்டூலை வாங்குங்கள், கம்ப்யூட்டருக்குச் சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். வெட்டும் பலகை மட்டும் இடுப்பு உயரம், ஏறக்குறைய மூன்றடி இருக்க வேண்டும். இரண்டரை அடி மேசையில் குனிந்து வெட்டினால் சாயங்காலம் இடுப்பு சொல்லும்.

வெளிச்சம். மானிட்டருக்கு முன்னாலோ பின்னாலோ ஜன்னல் இருந்தால் கண் கூசும், பக்கவாட்டில் இருக்கட்டும். ஜன்னலை மெஷினுக்கு விட்டுக்கொடுங்கள். ஊசி மெஷின் தலையின் இடது கோடியில் இருப்பதால் இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் விழாது. மேட்சிங் நூலை ராத்திரியில் எடுக்கவே வேண்டாம். எல்இடி டியூப் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற அரக்கும் மெரூனும், காலையில் கல்யாண மண்டபத்து வாசலில் வேறு வேறாக நிற்கும்.

இவ்வளவு பகையிருந்தும் ஒரே அறையில் எதற்கு வைக்க வேண்டும்? பேட்டர்னுக்காக. சீம்லி, வாலன்டினா போன்ற இலவச மென்பொருள்களில் அளவை வைத்துப் பேட்டர்னை வரைந்துகொள்ளலாம். திருப்பூர் மாதிரி ஊர்களில் பிளாட்டரில் அடித்துத் தருவார்கள், வீட்டில் என்றால் ஏ4 தாள்களில் அடித்து ஒட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிரிண்டர் ‘ஃபிட் டு பேஜ்’ என்று தாளுக்கு ஏற்பச் சுருக்கிவிடும். நாலு சதவீதம் சுருங்கினால் 36 இஞ்ச் மார்பளவு ஒன்றரை இஞ்ச் கிட்டக் குறைந்துபோகும். அந்த பிளவுஸ் யாருக்கும் ஏறாது. ‘ஆக்சுவல் சைஸ்’ என்று மாற்றி, முதலில் சோதனைக் கட்டம் உள்ள தாளை மட்டும் அடித்து, இஞ்ச் டேப் வைத்து அளந்து பார்த்த பிறகே மிச்சத்தை அடிக்க வேண்டும். டேப்பும் பழசானால் நீளும். இரும்பு ஸ்கேல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த அக்கம்பக்கம் இன்னும் தேவை. இங்க்ஸ்டிச் என்ற இலவச மென்பொருளில் டிசைனை வரைந்து, மெஷினுக்குப் புரிகிற ஃபார்மெட்டில் பென் டிரைவில் ஏற்றித் தைக்கலாம். காஞ்சிபுரம் தறிகளில் ஜக்கார்டு அட்டையின் ஓட்டைகள் சேலைக்கரையில் என்ன பூ விழ வேண்டும் என்று சொல்கின்றனவே, அதே ஓட்டை அட்டைதான் பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் கட்டளை ஏற்றப் பயன்பட்டது. இரண்டும் தூரத்துச் சொந்தம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க யாராலும் முடியாது. முதலில் எலக்ட்ரீஷியன், அடுத்து ஸ்டூல், அப்புறம் மெஷினுக்கு நல்ல விளக்கு. மேசையை ஆசாரியிடம் கடைசியில் சொல்லலாம். அதற்குள் எந்த மூலையில் எந்த வேலை நடக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்; அவருக்குக் கொடுக்க வேண்டிய அளவும் பிடிபட்டிருக்கும்.