சாவியைத் திருப்பும் முன்: உறங்கிய டர்போ காரை எழுப்புவது எப்படி?

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா 1984இல் சாலைக்கு வந்தது. 2002இல் உற்பத்தி நின்றது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் செய்யப்பட்ட வண்டி. தொண்ணூறுகளில் அதற்கு ஜப்பானின் இசுசு டீசல் என்ஜின் வந்தது. அதே என்ஜினின் டர்போ வகையும் வந்தது. அப்படியொரு டர்போ கான்டெசா, தாமிரபரணிக் கரையில் ஏரலில் ஒரு ஷெட்டுக்குள் பத்து வருஷமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் புது பேட்டரி மாட்டி, டீசல் ஊற்றி, செல்ஃப் அடிக்கிறார். என்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தும் விடலாம். பத்து வருஷம் செய்யாத சேதத்தை அந்தச் சில விநாடிகள் செய்துவிடும்.

காரணம், டர்போவின் அமைப்பு. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. என்ஜின் வெளியேற்றும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், பலமும் கூடும். முழு வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. அக்கால டர்போக்களில் அதைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, வெண்கலப் புஷ். புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் உண்டு. தண்டு அதில் மிதந்தபடியே சுழல்கிறது. வண்டி வருஷக்கணக்கில் நின்றால் அந்தப் படலம் வடிந்துவிடும். செல்ஃப் அடித்ததும் புகை சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கும். ஆயிலோ கீழே சம்ப்பிலிருந்து பம்ப் வழியாக ஏறி வர வேண்டும். அதுவரை உலோகம் உலோகத்தோடு உரசும்.

இனி ஊரின் காற்றுக்கு வருவோம். முத்துக்குப் பேர்போன பழைய துறைமுகமான கொற்கை ஏரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல் பின்வாங்கிவிட்டாலும் கடற்காற்று பின்வாங்கவில்லை. கரையோரம் உப்பளங்களும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத்தூள் நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். அந்தக் கரைசலில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் உருவாகும் காப்புப் படலத்தைத் துளைத்துத் துருவை உள்ளே அனுப்பும். ஆகவே பகலில் வெறும் தூசியாகத் தெரிவது, இரவில் காரை அரிக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். காற்றோட்டமுள்ள கூரையும் பருத்தித் துணி உறையுமே நல்லது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கதை வேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஏரலும் தாமிரபரணியில் மூழ்கியது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் நீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அந்த வண்டியில் டர்போவைக் கழற்றிப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளம் தொடாத வண்டியில் பழைய ஆயிலையும் ஃபில்டரையும் முதலில் மாற்ற வேண்டும். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒருநாள் ஊற விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் முரட்டுத்தனம் கூடாது. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பெல்ட் புதிதாக வேண்டும்.

அடுத்து டர்போ. காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்க்கலாம். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. அது ஆயில் படலத்துக்கான இடம். முன்பின்னாக ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை கூட்டில் உரசினாலோ பழுது. நன்றாக இருந்தால், மேலே உள்ள ஆயில் குழாயைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சுத்தமான ஆயிலை உள்ளே விட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். பிறகு டீசல் பம்ப்பின் கட்-ஆஃப் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். என்ஜின் எரியாமலே ஆயில் ஏறிவிடும். வயரை மாட்டி ஸ்டார்ட் செய்தபின் சில நிமிடங்களுக்கு ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது.

அந்த முதல் ஸ்டார்ட்டின்போது பக்கத்தில் ஒரு பலகை இருக்கட்டும். டர்போவின் சீல் போயிருந்தால் ஆயில் காற்றுக்குழாய்க்குள் கசியும். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்று வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைப்பது ஆபத்து.

என்ஜின் ஓடினால் போதாது, பிரேக் பிடித்தால் வண்டி நிற்கவும் வேண்டுமே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். நீர் சுமார் 3.7 விழுக்காடு சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ஆவிக் குமிழி உண்டாகி பெடல் வெறுமனே அமுங்கும். டீசல் டேங்கையும் கவனிக்க வேண்டும்: அதன் அடியில் தேங்கிய நீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கொழகொழப்பாக ஃபில்டரை அடைக்கும். டயரில் பட்டன் எத்தனை மீதி என்பதைவிடத் தயாரித்த வாரமும் ஆண்டும் குறித்த நான்கு இலக்கமே முக்கியம்.

சட்டத்தின் கண்ணில் கான்டெசா இன்னும் 'விண்டேஜ்' ஆகவில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடக்க வேண்டும்; அப்போதுதான் வி.ஏ. வரிசை எண் கிடைக்கும். முதல் கான்டெசாவுக்கே அந்தத் தகுதி 2034இல்தான் வரும். அதுவரை, 15 ஆண்டு கடந்த மற்ற சொந்தக் கார்களைப் போல ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

சாலைக்கு வந்துவிட்ட காரை வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுவது பலருக்கும் உள்ள பழக்கம். அது நல்லதல்ல. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. குளிர்ந்த என்ஜினில் அதில் ஒரு பகுதி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை ஸ்ரீவைகுண்டம் தாண்டித் திருநெல்வேலி வரை போய்வந்தால் ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் ஆவியாகிவிடும். வீடு திரும்பியதும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட விட்டால், டர்போவில் நிற்கும் ஆயில் கருகாது.