முளைக்கும் பயறும் முளைக்காத பயறும்

பச்சைப்பயறு கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் "நன்றாக வேகுமா?" என்று கேட்டார்கள். இப்போது "முளைக்குமா?" என்று கேட்கிறார்கள். மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்றுதான். ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், சர்க்கரை இருப்பதாகத் தெரிந்து உணவை மாற்றிக்கொண்டவர்கள் எனப் பலரும் முளைகட்டிய பயறு சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். கால் கிலோ வாங்கிப் போய் ஊறவைத்து, மறுநாள் அது முளைக்காமல் புளித்து நாறினால், பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். எனவே இந்த விஷயத்தை வாடிக்கையாளரை விட நாம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முளைகட்டுவதில் அப்படி என்ன விசேஷம்? காய்ந்த பயறு தூங்கிக் கொண்டிருக்கும் விதை. தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, தன்னுள் சேர்த்து வைத்த மாவையும் புரதத்தையும் செடி வளர்வதற்காக உடைக்கத் தொடங்குகிறது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகள் அப்போது குறைகின்றன. இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ந்த பயறில் இல்லையென்றே சொல்லத்தக்க வைட்டமின் சி, முளைவிட்டதும் புதிதாக உண்டாகிறது.

இந்த வைட்டமின் விஷயம் தெரியவந்ததில் நம் நாட்டுப் போர்வீரர்களுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரில், இன்றைய ஈராக்கில் உள்ள கூட் நகரம் 1915 இறுதியிலிருந்து 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் இருந்தது. அங்கே காய்கறி கிடைக்காத இந்திய வீரர்களுக்கு ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டது. அந்தப் போர்க்காலத்திலேயே லண்டன் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் காய்ந்த பட்டாணி, பயறு வகைகள் இந்த நோயைத் தடுப்பதில்லை, முளைகட்டினால் தடுக்கின்றன என்று சோதித்துக் காட்டினார்கள். பிற்பாடு 1930களின் இறுதியில் ஹிஸ்ஸார் பகுதியில் பஞ்சம் வந்தபோது, முளைகட்டிய கடலை நிவாரண உணவாகவே வழங்கப்பட்டது. அந்நாளில் இந்திய உணவுகளின் சத்துகளை அளந்து பட்டியல் போட்ட ஆய்வுக்கூடம் நம் குன்னூரில்தான் இருந்தது. அதுதான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இவ்வளவு சொன்னதால், முளைப்பயறு சர்வரோக நிவாரணி என்று வாடிக்கையாளரிடம் அளந்துவிட வேண்டாம். முளைத்ததும் புரதம் பல மடங்கு பெருகிவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. 100 கிராம் பயறு ஊறி முளைத்ததும் 200 கிராமுக்கு மேல் நிற்கிறதே, அந்தக் கூடுதல் எடை தண்ணீர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஊசி போட்டுக்கொள்கிறவர் முளைகட்டிய வெந்தயத்தை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. கடையில் உட்கார்ந்தபடியே காலை முதல் இரவு வரை டீயிலும் வடையிலும் நாளை ஓட்டும் நமக்கு, பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் நல்ல மாற்று. அந்த அளவில் சொன்னால் போதும்.

இனி நம் சரக்குக்கு வருவோம். முழுப் பயறுதான் முளைக்கும். உடைத்த பருப்பில் முளைக்கரு சிதைந்துவிடுவதால் அது முளைக்காது, வறுத்ததும் அப்படியே. வண்டு துளைத்த பயறு பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும். பழைய சரக்கு, அதுவும் தகரக் கூரைக்கடியில் கோடை முழுவதும் வெந்த மூட்டை, பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் பாதி முளைக்காது. எவ்வளவு ஊறினாலும் கல்லாகவே நிற்கும் பயறும் சில மூட்டைகளில் உண்டு. அதைக் கடித்துப் பல் போனவர்களின் கோபம் நம் மேல்தான் திரும்பும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மூட்டை வந்ததும் கையை உள்ளே விட்டு, மேலும் கீழும் எடுத்த பயறிலிருந்து 100 மணியை எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து முளைத்ததை எண்ணினால் சதவீதம் தெரிந்துவிடும். விதைச் சான்றளிப்பில் பச்சைப்பயறுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம். சாப்பாட்டுப் பயறுக்கு அப்படிச் சட்டம் இல்லையென்றாலும், அதற்குக் கீழே போகிற மூட்டையை முளைகட்டக் கேட்பவருக்குத் தராமல், வேகவைக்கக் கேட்பவருக்குக் கொடுக்கலாம். மொத்த வியாபாரியிடம் அடுத்த முறை விலை பேசும்போதும் இந்த எண் கைகொடுக்கும்.

சிலர் விதைக் கடையில் வாங்கினால் நன்றாக முளைக்கும் என்று யோசனை சொல்கிறார்கள். ஆபத்தான யோசனை இது. விதைப்புக்கென்று வரும் விதையில் பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்திருக்கும். அது அடையாளம் தெரிவதற்காக நிறமும் ஏற்றியிருப்பார்கள். எக்காரணம் கொண்டும் அது அடுப்படிக்குப் போகக் கூடாது. காய்ந்த பச்சைப் பட்டாணியை ஊறவைத்த தண்ணீர் பளிச்சென்று பச்சையாக மாறினால் சாயம் ஏற்றிய சரக்கு என்று பொருள். அதை வாங்கியவரிடமே திருப்பிவிட வேண்டும்.

முளைகட்டும் முறை வீட்டுப் பெண்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று நான்கு முறை கழுவி, குடிக்கும் தண்ணீரில் பச்சைப்பயறை ஆறிலிருந்து எட்டு மணி நேரமும், கொண்டைக்கடலையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் ஊறவைக்க வேண்டும். பிறகு நீரை நன்றாக வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் அலசி வடிக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் அரை நாளிலேயே முளை எட்டிப் பார்த்துவிடும். கொழகொழப்போ புளித்த வாடையோ வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும்.

பச்சையாகத் தின்னலாமா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெப்பமும் கிருமி பெருகவும் போதும். 2011இல் ஜெர்மனியில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஈ.கோலை கிருமியால் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்து, அந்த விவசாயிகளும் வியாபாரிகளும் பெரும் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் தடம் பிடித்துப் போனபோது அது எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத்தில் கட்டிய முளை என்று தெரிந்தது. முளை விளைவித்த பண்ணையின் பெயர், இறக்குமதி செய்தவரின் கணக்கு எல்லாம் வெளியே வந்தன. எந்த மூட்டை யாரிடம் வாங்கியது என்று பில்லை எடுத்து வைப்பதன் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

ஆகவே ஆவியில் வேகவைத்தோ, சுண்டலாகத் தாளித்தோ சாப்பிடச் சொல்வதுதான் நம் கட்சி. வைட்டமின் சி கொஞ்சம் குறையும். அதற்கு இறக்கிய பின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போயிற்று. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயாளிகள் கட்டாயம் வேகவைத்தே சாப்பிட வேண்டும். ராஜ்மாவும் மொச்சையும் முளைத்தாலும்கூடப் பச்சையாகத் தின்னக் கூடாதவை. ராஜ்மாவை நன்றாகக் கொதிக்கவைக்காமல் தின்றால் அதிலுள்ள நச்சு வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். இது தெரியாமல் அதையும் முளைகட்டிச் சாலட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜ்மா வாங்குகிறவர் முளைகட்ட என்று சொன்னால், பொட்டலத்தைக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.