ஓரம் நசுங்கிய டம்ளர்

தையல் மெஷினுக்கு உறை போட்டதும் ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் அடக்கம். 2004-இல் அரசு எச்.ஐ.வி.க்கு இலவச சிகிச்சை தொடங்கியபோது தினம் இரண்டு வேளை விழுங்கியவள் நான், இது சொகுசுதான்.

நெஞ்செரிச்சல் மருந்தை மட்டும் கூடவே குடிக்கக் கூடாது, மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழியட்டும் என்று நர்ஸம்மா அதட்டுவார்.

ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. அதைக் கேட்ட அன்று பஸ்ஸிலேயே அழுதேன்.

மனசு மாத்திரைக்கு அடங்குமா? நாத்தனார் எனக்கென்று ஓரம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளரைத் தனியே வைத்திருந்தாள். டம்ளரில் ஒட்டுகிற நோயா இது! மாதாமாதம் மருந்து வாங்கும் நாளில் நாங்கள் நாலு பேர் வேப்பமரத்தடியில் பேசுவோம். இரண்டு டீ வாங்கி நாலாகப் பிரிப்போம்.