குவிக்ஸாட்டிக்: நடக்காத யோசனைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

"பெரம்பலூருக்கு ரயிலா? அதெல்லாம் குவிக்ஸாட்டிக் ஐடியா ஹஜ்ரத்!" என்றார் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ரயில் பாதை வேண்டும் என்பது நம் பகுதியின் நெடுநாள் கோரிக்கை. அரியலூரில் ரயில் நிற்கிறது. பெரம்பலூரில் இருப்பவர்களோ பஸ் ஏறிப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்தத் தம்பி சொன்ன சொல் இந்தக் கோரிக்கைக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வான்டெஸ் 1605இல் வெளியிட்ட நாவலின் நாயகன் டான் குயிக்ஸாட். ஸ்பானியர் 'கிஹோத்தே' என்பார்கள். ஆனால் ஆங்கிலப் பெயரடையை 'குவிக்ஸாட்டிக்' என்றே உச்சரிக்க வேண்டும். வீரர் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த அவர், அநீதியை ஒழிக்கக் குதிரையேறிக் கிளம்புகிறார். காற்றாலையை அரக்கன் என்று நினைத்து ஈட்டியோடு பாய்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. சொல்லின் பொருள் விளங்க வேறொரு காட்சிதான் உதவும். கூலி கேட்ட சிறுவனை முதலாளி மரத்தில் கட்டிவைத்து அடிக்கிறான். குயிக்ஸாட் தடுத்து, கூலியைக் கொடுப்பதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு பெருமையோடு போய்விடுகிறார். அவர் தலை மறைந்ததும் சிறுவனுக்கு முன்னைவிட அதிக அடி!

நோக்கம் உயர்ந்தது, வழி உதவாதது. இரண்டும் சேர்ந்தால்தான் குவிக்ஸாட்டிக். வெறுமனே நடைமுறைக்கு ஒவ்வாதது என்றால் 'இம்பிராக்டிகல்' போதும். கேலியோடு கொஞ்சம் பரிவும் இச்சொல்லில் உண்டு.

இந்த நாவலில் நமக்குச் சுவையான செய்தி ஒன்றும் இருக்கிறது. செர்வான்டெஸ் உஸ்மானியருக்கு எதிரான 1571 கடற்போரில் இடக்கை செயலிழந்தவர். பின்னர் 1575 முதல் ஐந்தாண்டுகள் அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தவர். அப்படிப்பட்டவர், தம் கதையை முதலில் எழுதியவர் 'சீதே ஹாமேத்தே' என்ற அரபு வரலாற்றாசிரியர் என்றும், அந்த அரபு ஏடுகள் டொலேடோ கடைத்தெருவில் கிடைத்தன என்றும் வேடிக்கையாகச் சொல்கிறார். 'சீதே' என்பது நம் 'சய்யிதீ'தான்.

தமிழில் இதற்கு ஈடாக நாம் சட்டென்று சொல்வது 'துக்ளக் தர்பார்'. சோவின் நாடகமும், அவர் 1970இல் தொடங்கிய பத்திரிகையும் அந்தப் பெயரை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. ஆனால் முஹம்மது பின் துக்ளக்கின் செம்பு நாணயத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி நாணயத்தின் மதிப்பை மலிவான உலோகத்துக்குக் கொடுத்தார். கள்ள நாணயம் பெருகியதால் திட்டம் கவிழ்ந்தது. செம்பை வாங்கிக்கொண்டு கருவூலத்திலிருந்து நல்ல நாணயம் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் காகித நோட்டு அதே யோசனைதானே? யோசனை பைத்தியக்காரத்தனம் அல்ல. போலியைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாததுதான் குறை. இதைக் குவிக்ஸாட்டிக் என்று சொல்வது சரியாகாது.

அரியலூரை 2001இல் தனி மாவட்டமாக்கினார்கள், 2002இல் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். முகவரி மாற்றி மாற்றி எழுதியவர்களுக்கு அது துக்ளக் தர்பாராகத் தோன்றியிருந்தால் குற்றமில்லை. ஆனால் 2002இல் கைவிடப்பட்ட அந்த மாவட்டம்தான் இன்று நிலைத்து நிற்கிறது.

ரயில் கோரிக்கைக்கு வருவோம். பெரம்பலூரில் காற்றாலையும் இல்லை, அரக்கனும் இல்லை. தண்டவாளம் போடும் வித்தை உலகுக்குப் புதிதுமில்லை. தேவை நிதியும் முடிவும்தான். இவை வராததால் நிற்கும் திட்டத்தை ஆங்கிலத்தில் 'அன்ஃபண்டட்' என்பார்கள். அடுத்த முறை அந்தத் தம்பி இந்தச் சொல்லைப் பயன்படுத்தட்டும். கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போகாமல், ஏன் நிதி வரவில்லை என்று கேட்பார்கள்.