கருத்துரை மேலாண்மை (சொற்செயலி)

கருத்துரை என்பது சொற்செயலி ஆவணம் ஒன்றின் மூல உரையை மாற்றாமல், அதன் குறிப்பிட்ட ஒரு பகுதியுடன் இணைத்து எழுதப்படும் குறிப்பு ஆகும். ஆய்வேடு, பாடநூல், ஒப்பந்தம், மொழிபெயர்ப்பு போன்றவற்றை மீளாய்வு செய்வோர் தம் ஐயங்களையும் பரிந்துரைகளையும் ஆசிரியருக்குத் தெரிவிக்க இதனைப் பயன்படுத்துவர். இவ்வாறு வந்து சேரும் கருத்துரைகளைத் திரட்டுதல், வகைப்படுத்துதல், அவற்றுக்கு விடையளித்தல், முடிவு காணுதல், ஆவணம் வெளியாவதற்கு முன் நீக்குதல் ஆகிய பணிகள் கருத்துரை மேலாண்மை எனப்படும்.

கருத்துரையும் மாற்றத் தடமறிதலும்

பெரும்பாலான சொற்செயலிகளில் மீளாய்வுக்கென இரண்டு வசதிகள் உள்ளன. மாற்றத் தடமறிதல் வசதி, உரையில் செய்யப்படும் சேர்ப்புகளையும் நீக்கங்களையும் வண்ணத்தில் பதிவு செய்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்கலாம், அல்லது தள்ளலாம். கருத்துரை உரையைத் தொடுவதில்லை. அது ஒரு வினாவையோ காரணத்தையோ தெரிவிக்கிறது.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை போன்ற சிறு திருத்தங்களை மாற்றத் தடமறிதல் வழியாக நேரடியாகச் செய்வது இருவருக்கும் எளிது. விடுபட்ட ஒவ்வொரு ஒற்றுக்கும் ஒரு கருத்துரை எழுதினால், சிந்தித்து விடையளிக்க வேண்டிய முதன்மையான கருத்துரைகள் அவற்றின் இடையே மறைந்துவிடும்.

வரலாறு

மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளிலும் இவ்வசதி வேறு பெயரில் இருந்தது. வேர்டு 97 பதிப்பில் அது கருத்துரை என்னும் பெயரைப் பெற்றது. வேர்டு 2002 பதிப்பில் கருத்துரைகள் பக்க ஓரத்தில் குமிழ்களாகத் தோன்றின. கட்டற்ற மென்பொருளான ஓப்பன் ஆபிஸ், 2008-ஆம் ஆண்டு வெளிவந்த 3.0 பதிப்பில் குறிப்புகளைப் பக்க ஓரத்தில் காட்டத் தொடங்கியது. அதிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ், 2013-ஆம் ஆண்டின் 4.0 பதிப்பில் ஒரு சொற்றொடர் முழுவதையும் கருத்துரையுடன் இணைக்க வழி செய்தது.

கருத்துரைக்கு மறுமொழி எழுதுதல், முடிந்ததாகக் குறித்தல் ஆகிய வசதிகள் வேர்டு 2013 பதிப்பில் வந்தன. லிப்ரே ஆபிஸின் 6.4 பதிப்பில் (2020) தீர்வு கண்டதாகக் குறிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. கூகுள் டாக்ஸ் 2014-ஆம் ஆண்டு பரிந்துரை முறையை அறிமுகப்படுத்தியது. இணையவழிச் சொற்செயலிகளில் பலரும் ஒரே படியில் கருத்துரை எழுதுவதால், படிகளை ஒன்றுசேர்க்கும் வேலை குறைந்தது.

செயற்படும் விதம்

ஒவ்வொரு கருத்துரையிலும் நான்கு கூறுகள் உள்ளன: எழுதியவர் பெயர், எழுதிய நாளும் நேரமும், குறிப்பின் உரை, அது சுட்டும் பகுதி.

வேர்டின் புதிய கோப்பு வடிவம் உண்மையில் ஒரு சிப் பொதியாகும். அதனுள் மூல உரை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பிலும், கருத்துரைகள் தனியான மற்றொரு எக்ஸ்எம்எல் கோப்பிலும் சேமிக்கப்படுகின்றன. மூல உரையில் கருத்துரையின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறிகள் மட்டும் இருக்கும். இவ்வடிவம் 2006-இல் எக்மா தரமாகவும் 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவத்தில் கருத்துரை, மூல உரை இருக்கும் அதே கோப்பினுள் பொதிந்திருக்கும்.

கருத்துரை இணைந்துள்ள பகுதி முழுவதும் அழிக்கப்பட்டால், பொதுவாகக் கருத்துரையும் அதனுடன் மறைந்துவிடும். ஆகவே ஒரு பத்தியை நீக்கித் திரும்ப எழுதுவதற்கு முன், அதிலுள்ள கருத்துரைகளைப் படித்து முடிப்பது நல்லது.

மேலாண்மை முறை

1. கருத்துரைகள் வந்த மூலப்படியை மாற்றாமல் தனியே சேமித்து வைத்து, அதன் நகலில் பணியாற்ற வேண்டும்.
2. பலர் தனித்தனிப் படிகளில் எழுதியிருந்தால் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். வேர்டில் இதற்கென ஆவணங்களை ஒன்றிணைக்கும் கட்டளை உண்டு.
3. முதலில் அனைத்தையும் ஒருமுறை படித்து, பொருட்பிழை, கட்டமைப்பு, நடை என வகைப்படுத்த வேண்டும். ஒரு பகுதியையே நீக்கச் சொல்லும் கருத்துரை இருக்கும்போது, அப்பகுதியின் நடையைத் திருத்துவது வீண்வேலை ஆகும்.
4. ஒவ்வொரு கருத்துரைக்கும் ஏற்றல், பகுதியாக ஏற்றல், மறுத்தல் ஆகியவற்றுள் ஒரு முடிவை எடுத்து, காரணத்தை மறுமொழியாக எழுத வேண்டும்.
5. முடிவு கண்டவற்றைத் தீர்வு கண்டதாகக் குறிக்க வேண்டும். உடனே நீக்கினால், அந்த மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பதற்கான பதிவு இல்லாமற் போகும்.

முரண்படும் கருத்துரைகள்

இரு மீளாய்வாளர்கள் ஒரே இடத்தில் எதிரெதிராகக் கருத்துரைப்பது உண்டு. எடுத்துக்காட்டாக, புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ள கருவடிக்குப்பம் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். "இவ்வூர் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது" என்னும் தொடருக்கு ஒருவர் "சரி" என்றும், மற்றொருவர் "1962 என மாற்றுக" என்றும் கருத்துரை எழுதலாம்.

இருவர் கூற்றுக்கும் அடிப்படை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. ஆகவே இங்கு ஒரு கருத்துரையை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது தீர்வாகாது. "1954-இல் நிருவாகம் மாறியது, 1962-இல் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது" எனத் தொடரையே விரித்து எழுதுவது பொருத்தமாகும். அவ்வாறு எழுதிய காரணத்தை இரு கருத்துரைகளுக்கும் மறுமொழியாகத் தர வேண்டும்.

அக்கட்டுரையில் "நாடகத் தந்தை இங்கு அடக்கம் செய்யப்பட்டார்" என்னும் தொடருக்கு "யார்? எப்போது?" என்னும் கருத்துரை வந்தால், அது எளிதில் முடிவு காணக்கூடியது. சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் பெயரையும் 1922 என்னும் ஆண்டையும் சேர்த்தால் போதும். "இப்பகுதி தெளிவாக இல்லை" என்று மட்டும் எழுதும் கருத்துரையைக் கொண்டு ஆசிரியர் எதையும் திருத்த இயலாது. எது குறைவு, என்ன வேண்டும் என்பதைச் சொல்லும் கருத்துரையே பயன் தருவது.

தமிழ் ஆவணங்களில்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் திஸ்கி, பாமினி முதலான பல்வேறு 8-பிட் குறியாக்கங்களிலும் எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்யப்பட்டன. அக்கோப்புகளில் தமிழாகத் தோன்றுவது எழுத்துருவின் வடிவமே. அடியில் இருப்பவை வேறு குறியெண்கள். கருத்துரைக் குமிழ்கள் தமக்கெனக் குறித்த எழுத்துருவைப் பயன்படுத்துவதால், மூல உரை தமிழில் சரியாகத் தெரிந்தாலும் கருத்துரைகள் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரியக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழு ஆவணமுமே இந்நிலைக்கு வரும்.

விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஆதரித்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் எழுதப்படும் கருத்துரைகள் எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும். பழைய கோப்பை மீளாய்வுக்கு அனுப்புமுன் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது இச்சிக்கலைத் தவிர்க்கும். மாற்றும்போது கருத்துரைகளையும் தனியே சரிபார்க்க வேண்டும். சில மாற்றிகள் மூல உரையை மட்டுமே மாற்றுகின்றன.

மறைத்தலும் நீக்கலும்

கருத்துரைகளைத் திரையில் தெரியாதவாறு மறைப்பதும் கோப்பிலிருந்து நீக்குவதும் வேறு வேறு செயல்கள். மறைக்கப்பட்ட கருத்துரை, கோப்பைப் பெறுபவரின் கணினியில் மீண்டும் தோன்றலாம். தீர்வு கண்டதாகக் குறிக்கப்பட்டதும் கோப்பிலேயே இருக்கும்.

மாற்றத் தடமறிதலால் நேர்ந்த இத்தகைய வெளிப்பாட்டுக்கு 2005-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று சான்றாகும். லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொலை குறித்த ஐக்கிய நாடுகள் விசாரணை அறிக்கை, வேர்டு கோப்பாகவும் ஊடகங்களுக்குக் கிடைத்தது. இறுதி வடிவத்திலிருந்து நீக்கப்பட்டிருந்த பெயர்களை அக்கோப்பில் இருந்த மாற்றப் பதிவுகள் காட்டிவிட்டன.

கல்வித்துறையில் மீளாய்வாளரின் அடையாளம் மறைக்கப்பட வேண்டிய சூழலில், கருத்துரையுடன் சேரும் பெயரே அவரைக் காட்டிக்கொடுக்கும். சேமிக்கும்போது தனிப்பட்ட தகவல்களை அகற்றும் தெரிவு வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் உள்ளது. வேர்டு 2007 முதல் உள்ள ஆவணச் சோதனைக் கருவி, கோப்பில் எஞ்சியுள்ள கருத்துரைகளையும் மாற்றப் பதிவுகளையும் கண்டறிந்து நீக்க உதவுகிறது.

கருத்துரைகள் அடங்கிய மீளாய்வுப் படியைப் பாதுகாத்து, அனைத்தும் நீக்கிய தூய படியை மட்டும் வெளியிடுவதே பாதுகாப்பான நடைமுறை ஆகும். வேர்டில் அச்சிடும்போதும் பி.டி.எஃப். ஆக மாற்றும்போதும் கருத்துரைகள் ஓரத்தில் சேர்ந்து வரக்கூடும் என்பதால், இறுதிப் படியை ஒருமுறை திறந்து பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.