இணைப்பு அறும் இடம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிலே, மத்திய கிழக்கு நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கி வாழும் குடும்பங்கள் பல உள. அப்பணத்தைப் பெற வங்கிக்குச் செல்லும் ஒரு தாய், “இணைப்பு இல்லை, நாளை வாருங்கள்” என்னும் மறுமொழியைக் கேட்பாளாயின், அன்று மருந்து வாங்குதலும் கடன் தீர்த்தலும் தடைப்படும். ஆதலின், இணைப்பு எவ்வாறு அறுகின்றது, அறுந்த இடத்தை எவ்வாறு காண்பது என்பதை அறிதல் எல்லோர்க்கும் பயனுடையதாகும்.

உலகின் பெரிய வங்கிகள் பல தம் கணக்கேடுகளைப் பெருங்கணினிகளில் வைத்துக் காக்கின்றன. 1964 ஏப்ரல் 7 ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த ‘சிஸ்டம் 360’ வரிசையின் வழித்தோன்றல்கள் இன்றும் இப்பணியில் உள்ளன. தொலைவிலுள்ள கிளைக் கணினி அவ்வேட்டை நேரே தொடுவதில்லை. பெருங்கணினியின் வாயிலிலே ‘முகவர்’ எனப்படும் நிரலொன்று காத்திருக்கும். கச்சேரியில் மனுவை ஏற்கும் எழுதுவினைஞரைப் போல, அது கேள்வியைப் பெற்று உள்ளே சேர்த்து, விடையை வாங்கித் தரும்.

இத்தொடர்பு தடைப்பட்டால் முதலில் எழுப்பவேண்டிய வினா, “தடை எவ்வளவு பரந்தது?” என்பதாம். ஒரு கருமபீடத்திற்கு மட்டுமாயின் குற்றம் அக்கணினியிலோ அதன் கம்பியிலோ இருத்தல் கூடும். கிளை முழுவதற்குமாயின் வெளியே செல்லும் வழியை ஐயுறவேண்டும். மற்றை ஊர்க் கிளைகளும் அவ்வாறேயெனின் பெருங்கணினியின் பக்கத்தை நோக்கவேண்டும். மருதமுனைத் தறியிலே பாவில் ஓரிழை அறுந்தால், நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிகின்றார். அவ்வாறன்றி, எடுத்த எடுப்பிலே முகவரை நிறுத்தி மீண்டும் இயக்கினால், செவ்வனே வேலை செய்துகொண்டிருந்த ஏனைய கிளைகளின் தொடர்பும் அறும்.

அடுத்து வழியைப் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும். பெருங்கணினியின் பெயர் சரியான எண் முகவரியைத் தருகின்றதா என்பது முதற்படி. அம்முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி எதிரொலி வருகின்றதா எனப் பார்ப்பது இரண்டாம் படி. இதற்குதவும் ‘பிங்’ என்னும் நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதினார். நீர்மூழ்கியைக் கண்டறிய ஒலியலை அனுப்பும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. எனினும் காவல் கருதிச் சில நிலையங்கள் இதற்கு விடையளிப்பதில்லை. எனவே எதிரொலி இன்மை மட்டும் முடிவான சான்றாகாது.

மூன்றாவது படி முகவர் காத்திருக்கும் ‘துறை’யைத் தட்டுவதாகும். இங்கே இருவகைத் தோல்விகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. உடனே மறுப்பு வந்தால், செய்தி பெரும்பாலும் பெருங்கணினியை அடைந்துவிட்டது. ஆயின் அத்துறையில் முகவர் இல்லை, அல்லது துறையெண் பிழை. மறுப்பும் வராமல் நேரம் கடந்துபோயின், இடையிலுள்ள ‘தீச்சுவர்’ என்னும் காவலரண் செய்தியை விழுங்கியிருக்கலாம். வழியே அற்றிருக்கவும் கூடும்.

துறை திறந்தும் தொழில் நடவாதாயின் மேலும் மூன்று இடங்கள் உள. பாதுகாப்புச் சான்றிதழின் தவணை கடந்திருக்கலாம். கணினியின் கடிகாரம் பிழைத்தாலும் நல்ல சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். கடவுச்சொல் தவறாயிருக்கலாம், அதையே திரும்பத் திரும்ப இட்டால் கணக்கு பூட்டப்படுதலும் உண்டு. மூன்றாவது, எழுத்துக் குறியீட்டு வேறுபாடு. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’, சாதாரணக் கணினியின் ‘ஆஸ்கி’ முறையில் 65, ஐ.பி.எம். பெருங்கணினியின் ‘எப்சிடிக்’ முறையில் 193. இடையே மாற்றித் தருவது தவறினால் பெயரும் தொகையும் பொருளற்ற குறிகளாய் வந்து சேரும்.

அவசரத்தின் விளைவை வரலாறு காட்டுகின்றது. 1858 ஆகஸ்டில் அத்திலாந்திக்கின் அடியிலே முதல் தந்திக் கம்பி இணைந்தது. விக்டோரியா மகாராணியின் 98 சொற்களைக் கொண்ட செய்தி செல்ல ஏறத்தாழ 16 மணி நேரமாயிற்று. குறிகள் நலிந்தபோது, காரணத்தை ஆராயாது, வைல்ட்மன் வைட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2,000 வோல்ற்று மின்னழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே பழுதுற்றிருந்த கம்பி சில வாரங்களில் முற்றும் ஊமையாயிற்று.

ஆகவே, பழுது பார்ப்போர் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். மாற்றிய நேரத்தைக் குறித்தல் வேண்டும். இருமுனைக் குறிப்பேடுகளையும் ஒப்பிடுதல் வேண்டும். குற்றம் இன்ன இடத்தில் என்று தெரிந்தால், திருத்த ஆகும் காலத்தையும் ஓரளவு கூறலாம். கருமபீடத்தின் முன் நிற்பவருக்கு, “நாளை வாருங்கள்” என்பதிலும் “ஒரு மணி நேரம் பொறுங்கள்” என்பது எவ்வளவோ பெரிய உதவியாகும்.